காக்கித் தாளில் ஒரு முகம்

டிரைவருக்கு ஷேவிங் என்பது பஸ் ஓட்டுவதற்கு முன்னால் பார்க்கிற இன்னொரு டூட்டி. குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் வாசலில் யார் வந்து நின்றாலும் அவர் வெளியே வர மாட்டார். காய்ச்சலோ, விடுமுறையோ, வேலை நிறுத்தமோ, அதில் மட்டும் ஒரு நாள் தவறியதில்லை. அவருடைய ரேசர் இரும்பு ரேசர். கைப்பிடி ஒன்று, கீழ்த்தட்டு ஒன்று, மேல்தட்டு ஒன்று என்று மூன்று துண்டாகக் கழற்றலாம்; நடுவில் பிளேடை வைத்துத் திருகினால் தயார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது.

"என்னைவிட அதுக்குத்தான் இந்த வீட்டுல சீனியாரிட்டி" என்பாள் டெய்லரம்மா. டெய்லரம்மா என்பது ஊர் வைத்த பெயர். முன்னறையில் ஒரு தையல் மெஷின், ஒரு வெட்டுமேஜை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் அளவுத் தாள்கள். டிரைவருடைய சம்பாத்தியத்துக்குக் கொஞ்சமும் குறையாத சம்பாத்தியம். வாயும் அப்படித்தான்.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் ஷேவ் செய்வதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வெளியே வரும் முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள். அதில் அவளுக்கு ஒரே ஒரு புகார். இடது காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துளி முடி எப்போதும் மிஞ்சி நிற்கும். கத்தரிக்கோலால் நூலைச் சரியாக வெட்டாமல் விட்டால் அவளுக்குக் கை நமநம என்று ஊறும். அந்த மாதிரிதான் அதைப் பார்த்தாலும் ஊறும்.

"ரூட்ல ஒரு ஸ்டாப்பைக்கூட விடாம நிறுத்துற மனுஷன், இந்த ஒரு ஸ்டாப்பை மட்டும் ஏங்க தினமும் விட்டுட்டு வர்றீங்க?" என்பாள்.

"எட்டல" என்பார் டிரைவர். அதற்கு மேல் பேச மாட்டார். தன் தாடை தன் கைக்கே எட்டாத மனுஷனை அவள் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த நிலைமையில்தான், ஒரு திங்கட்கிழமை மழையில், டிரைவர் தான் ஓட்டும் பஸ்ஸின் படியிலேயே வழுக்கி விழுந்தார். விழுகிறவர் ஒரு கையை ஊன்றியிருக்கலாம். இரண்டையும் ஊன்றினார். இரண்டு மணிக்கட்டும் போயின. விரல் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்க, முழங்கை வரைக்கும் இரண்டு பக்கமும் மாவுக்கட்டு. ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஊட்டிவிடுவது, பட்டன் போடுவது, முதுகு சொறிவது எல்லாவற்றுக்கும் டெய்லரம்மா நாலே நாளில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். சட்டைக் கைகளைப் பிரித்து நாடா வைத்துத் தைத்தாள். நாடாவை இழுத்தால் கை திறந்துகொள்ளும். ஆனால் முகம் இருக்கிறதே, அது நாளொரு வண்ணமாக மாறிக்கொண்டிருந்தது. பிறகுதான் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாலு வீடியோவில் வருவாள். வாலு அவர்களுடைய ஒரே மகள். வெகு தூரத்தில் ஒரு கல்லூரியில் கால்நடை மருத்துவம், கடைசி வருஷம். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் வேறு. வீட்டுக்கு அவள் வாலுதான். அவளுக்கு இறுதிப் பரீட்சை அடுத்த ஞாயிறு கழிந்து திங்களன்று ஆரம்பம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெய்லரம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. செய்தி காதில் விழுந்த நிமிஷமே வாலு பாதிப் பரீட்சையைப் போட்டுவிட்டு ரயிலேறி வந்து நின்றாள். அம்மா மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்து கத்தரிக்கோலைத் தேடினாள். மகளுக்குத்தான் ஒரு வருஷம் போயிற்று. கூடப் படித்தவர்கள் மேலே போக, அவள் மறுபடி பழைய வகுப்பிலேயே உட்கார்ந்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லாததுதான் இவர்கள் இருவரையும் அறுத்தது.

"இந்தத் தடவை அவ எழுதி முடிக்கணும்" என்றார் டிரைவர். "என் கை ரெண்டும் போனாலும் பரவாயில்ல."

"அதான் ரெண்டும் போயாச்சே" என்றாள் டெய்லரம்மா. சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இருவர் கண்ணும் கலங்கியிருந்தது.

முதல் ஞாயிறு கேமரா கெட்டுவிட்டது என்று ஒரு பொய் சொல்லி, குரலோடு சமாளித்தார்கள். வாலு விடவில்லை.

"அடுத்த ஞாயித்துக்குள்ள ரிப்பேர் பண்ணிடு. அப்பா முகத்தைப் பார்க்காம நான் எக்ஸாம் ஹாலுக்குள்ள கால் வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

ஃபோனை வைத்த பிறகு டெய்லரம்மா கணவனின் முகத்தைப் பார்த்தாள். உப்பும் மிளகும் கலந்த மாதிரி ஆறு நாள் தாடி. பிறந்ததிலிருந்து அப்பாவின் முகத்தில் ஒரு நாள் தாடியைக்கூட வாலு பார்த்ததில்லை. மாவுக்கட்டை மேஜைக்குக் கீழே மறைத்துவிடலாம். முகத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

சலூனுக்குப் போகலாம் என்றால், சலூன்காரருடைய மகளும் அதே கல்லூரி, அதே ஹாஸ்டல். அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் கன்னத்தில் போட்ட நுரை காய்வதற்குள் விஷயம் ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் ரேசர் ஒன்றை வாங்கி வந்து இழுத்துப் பார்த்தாள். இரண்டே இழுப்பில் அதன் வாய் நிறைய முடி அடைத்துக்கொண்டது. மூன்றாவது இழுப்பில் டிரைவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த இரும்பு ரேசரை வெட்டுமேஜை மேல் வைத்து இருவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"எப்படிப் பண்ணுவீங்க, சொல்லுங்க" என்றாள்.

"அது... தன்னால வரும்."

"தன்னால எப்படி வரும்?"

"கை போகும்மா. கை போற வழியில முகம் கூடவே போகும்."

"நல்லா இருக்கு. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற மாதிரி சொல்றீங்க. எந்தப் பக்கம் ஆரம்பிப்பீங்க?"

டிரைவர் யோசித்தார். முப்பது வருஷம் தினமும் செய்த காரியம், கேட்டால் ஒரு வார்த்தை வரவில்லை. மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காற்றில் ஷேவ் செய்து பார்த்தார். "வலது கன்னம்" என்றார் கடைசியில், தனக்கே அது புதுச் செய்தி என்பதுபோல.

புதன்கிழமை முதல் முயற்சி. நீண்டு நின்ற முடியைச் சிறிய நூல் கத்தரியால் ஒட்ட வெட்டினாள். அது அவள் வேலை, கச்சிதமாக வந்தது. வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தில் சுற்றினாள். பிரஷ்ஷால் நுரையைக் குழைத்துப் பூசினாள். இதுவரைக்கும் எல்லாம் சுபம். பிறகு ரேசரைக் கன்னத்தில் வைத்து இழுத்தாள்.

டெய்லர் கைக்கு அழுத்தித்தான் பழக்கம். சாக்கட்டியை அழுத்த வேண்டும், கத்தரிக்கோலை அழுத்த வேண்டும், இஸ்திரிப் பெட்டியை இன்னும் அழுத்த வேண்டும். அந்தக் கைதான் ரேசரையும் அழுத்தியது. கன்னத்தில் ஒன்று, முகவாயில் ஒன்று, உதட்டோரத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் வெள்ளை நுரையில் சிவப்பு கசிந்தது. பிளாஸ்டிக் ரேசருக்குத் தெருவைக் கூட்டிய மனுஷன் இதற்கு வாயே திறக்கவில்லை. அவர் கத்தியிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். கத்தாததால் ரேசரை வாளியில் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அழாத. படிகாரத்தை நனைச்சுத் தேய். நின்னுடும்" என்றார்.

தேய்த்தாள். "எரியுதா?"

"எரிஞ்சாதான் அங்க வெட்டுப்பட்டிருக்குன்னு அர்த்தம். படிகாரம் பொய் சொல்லாது. இன்னும் நாலு நாள் இருக்கு. ஆறிடும்." பிறகு தயங்கிச் சொன்னார்: "கை கனமா இருக்கு உனக்கு."

அன்று மத்தியானம் ஒரு வாடிக்கையாளருக்கு மெல்லிய பட்டுத் துணி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் பழக வருகிற பெண்களிடம் அவள் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் ஒன்று உண்டு: துணியைத் தள்ளாதே, மெஷின் தானே இழுத்துக்கும், நீ வழியை மட்டும் காட்டு. பாதித் தையலில் அவள் கால் மிதிப்பதை நிறுத்தியது. எழுந்து போய் ரேசரை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். நல்ல கனம். அந்தக் கனம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. தள்ள வேண்டிய வேலையை அந்த இரும்பே பார்த்துக்கொள்ளும்.

"ஊருக்கெல்லாம் சொன்னேன், எனக்கு நானே சொல்லிக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வெட்டுத்துணி மூட்டையைக் கிளறி, மிச்சம் கிடந்த மெரூன் வெல்வெட் துண்டொன்றை எடுத்தாள். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் வெல்வெட்டைப் போர்த்தி, இழுத்துக் கட்டினாள். வெல்வெட்டுக்கும் முகத்துக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. ஒரு திசையில் தடவினால் வழுவழுவென்று போகும், எதிர்த்திசையில் தடவினால் முரண்டு பிடிக்கும். மேலே நிற்கும் மிருதுவான இழையை மட்டும் ரேசரால் வழிக்க வேண்டும், அடித்துணி கிழியக் கூடாது. இதுதான் அவள் தனக்கு வைத்துக்கொண்ட பரீட்சை. முதல் கிண்ணத்தில் அடித்துணி ஏழு இடத்தில் கிழிந்தது. இரண்டாவதில் மூன்று. கைப்பிடியின் நுனியை இரண்டு விரலால் சும்மா பிடித்து, ரேசரைக் கொஞ்சம் சாய்த்து, அரை விரற்கடை நீளத்துக்கு மட்டும் வழித்து, நிறுத்தி, அலசி, மறுபடி வழித்தாள். சாயங்காலம் ஐந்தாவது கிண்ணத்தில் மெரூன் பஞ்சாக உதிர்ந்தது. அடித்துணியில் ஒரு கீறல் இல்லை.

"மொட்டை அடிச்ச தலையைவிட வழுவழுன்னு இருக்கியே" என்று டிரைவர் அந்தக் கிண்ணத்திடம் சொன்னார். பெருமையோடுதான் சொன்னார்.

வெல்வெட் இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்திருந்தது. எந்தப் பக்கம் இழை சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் ரேசரை வைக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை காலை கணவனை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல்களால் அவர் முகம் முழுக்கத் தடவிப் பார்த்தாள். கன்னத்தில் கீழ்நோக்கி. முகவாய்க்கு அடியில் முன்னோக்கி. கழுத்தில் வலது பக்கம் கீழே போனது, இடது பக்கம் என்ன காரணத்தாலோ மேலே ஏறியது.

"பட்டப்பகல்ல என்ன இது" என்று டிரைவர் நெளிந்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"சும்மா இருங்க. அளவெடுக்கிறேன்."

இருபத்தேழு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்த முகம். இத்தனை திருப்பம் இதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. கை தன்பாட்டுக்கு மெதுவாகப் போயிற்று. வேலைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொட்டது மறந்துவிடக் கூடாதே என்று, எங்கெங்கே எந்தத் திசை என்பதைத் தையல் சாக்கட்டியால் அவர் முகத்திலேயே அம்புக்குறி போட்டாள். மொத்தம் இருபத்திரண்டு அம்பு. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஒருவழிப்பாதை போர்டு ஒண்ணுதான் பாக்கி" என்றார். அவள் ரொம்பத் திருப்தியோடு பிரஷ்ஷை எடுத்துக் குழைத்து நுரையைப் பூசினாள். பூசி முடித்த பிறகுதான் பார்த்தாள். இருபத்திரண்டு அம்பும் நுரைக்கு அடியில் போயிருந்தன.

டிரைவர் சிரித்த சிரிப்பில் நுரை மூக்குக்குள் ஏறிவிட்டது.

முகத்தைக் கழுவித் துடைத்தாள். மறுபடி தடவிப் பார்த்து, இந்தத் தடவை அம்புகளை ஒரு காக்கித் தாளில் போட்டாள். அவளுடைய தொழிலில் எந்த உடம்பானாலும் முதலில் தாளில்தான் வெட்டுவார்கள். அந்தப் பழக்கம் இதற்கு மட்டும் ஏன் தோன்றாமல் போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முன்பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. மூன்று முகங்களை வரைந்து அம்புக்குறிகளை இட்டு, சட்டை அளவுகளுக்கும் பாவாடை அளவுகளுக்கும் நடுவில் சுவரில் மாட்டினாள்.

மாட்டுவதற்கு முன், தடவிக்கொண்டே இடது தாடையில் அந்தப் பழைய இடத்துக்கு வந்தபோது விரல் நின்றது. முடி அங்கே எந்தப் பக்கமும் சாயவில்லை. நாலு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சுழித்தது.

"ஓ, இதானா சங்கதி! சுழி இருக்கு. அதான் உங்களுக்கு எட்டல."

"அது கஷ்டம். விட்டுடு" என்றார் டிரைவர்.

"விடுறதா? இருபது வருஷமா என் கண்ணை உறுத்துது. நல்ல நேரம் இப்பதான் வந்திருக்கு." அந்த இடத்தில் நாலு சின்ன அம்புகளைப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தாள்.

அன்றைக்குக் கன்னங்களும் மேலுதடும் முகவாயும் முடிந்தன. ஒரே ஒரு கடுகளவு கீறல். கழுத்துக்கு இறங்கும் நேரத்தில் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். டிரைவர் பாதி நுரையோடு உட்கார்ந்து மூன்று பிள்ளைகளுக்கும் வேடிக்கை காட்டினார். சனிக்கிழமை முழுக்கச் சீருடைத் தையல். கழுத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மிஞ்சியது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டாள். பழைய வெட்டுகள் ஆறி, தோல் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. புது பிளேடு. துண்டு இரண்டு தடவை. கண் சுவரில் இருக்கும் தாளுக்கும் முகத்துக்குமாகப் போய்வந்தது. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தாள், துணியில் சுருக்கமெடுக்கும் அளவுக்கு மட்டும். வலது கையில் ரேசர் சும்மா இறங்கியது. நறநறவென்று மெல்லிய சத்தம். சத்தம் நின்றால் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். அதையும் அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். ஒரு சுற்று முடி போகும் திசையில். மறுபடி நுரை பூசி, இரண்டாம் சுற்று குறுக்கே.

"கொஞ்சம் மெதுவா... லெஃப்ட்ல பள்ளம் இருக்கு..." என்று முணுமுணுத்தார்.

"பின் சீட்ல உக்காந்து ஓட்டாதீங்க. இன்னைக்கு ஸ்டியரிங் என் கையில."

முகமும் கழுத்தும் முடிந்தன. கடைசியில் சுழி மட்டும் பாக்கி. ரேசரை அங்கே கொண்டுபோனபோது டிரைவர் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினார்.

"அசையாதீங்க."

"அத மட்டும் விட்டுடே..."

"வாயைத் திறந்தா தோல் நகருது. அப்புறம் ரத்தம் வந்துடும், வாலு பார்த்துடுவா. மூச்!"

தாடையில் பிளேடு இருக்கும்போது வாதாட எந்தப் புருஷனாலும் முடியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் நாலு திசையிலும் துளித்துளியாக, பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு வழித்தாள். சுழி போயிற்று. சுத்தமாகப் போயிற்று. குளிர்ந்த நீரால் கழுவி, படிகாரத்தை முகம் முழுக்கத் தேய்த்தாள்.

"எங்கயாவது எரியுதா?"

"இல்ல."

"எங்கயுமே?"

"எங்கயுமே இல்ல. பக்கத்துல வா. எனக்குத் தொட்டுப் பார்க்க விரல் வராது. நீ சொல்லு எப்படி இருக்குன்னு."

அவள் குனிந்து தன் கன்னத்தை அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும். "அஞ்சாவது கிண்ணம் மாதிரி" என்றாள்.

கண்ணாடியில் டிரைவர் தலையை இடது பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். குரல் ஏதோ போலிருந்தது. தன் திறமையைக் கண்டு மனுஷனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது என்று டெய்லரம்மா எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்துக்கொள்ள மாட்டாள்?

பத்து மணிக்கு ஃபோனை நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைத்து, மாவுக்கட்டுகளை மேஜைக்குக் கீழே தள்ளி, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வாலு வந்தாள். தலையைச் சீவாமல், கண்ணுக்குக் கீழே கறுப்போடு, கையில் புத்தகத்தோடு.

"அப்பாடா! கேமரா சரியாச்சா? அப்பா, பளபளன்னு இருக்கியே!"

"எப்பவும் போலத்தான்" என்றார் டிரைவர். டெய்லரம்மா மேஜைக்குக் கீழே அவர் தொடையில் தட்டினாள்.

படிப்பு, சாப்பாடு, தூக்கம், ஹாஸ்டல் பூனை என்று பேச்சு போயிற்று. ஐந்து நிமிஷம் கழிந்தது. டெய்லரம்மா உள்ளுக்குள் நிம்மதியாக மூச்சுவிட ஆரம்பித்தாள். அப்போது வாலு பேச்சை நடுவில் விட்டாள்.

"அப்பா, அந்தப் பக்கம் திரும்பு."

"எதுக்கு?"

"திரும்பேன். இன்னும். காது தெரியட்டும்." முகம் திரைக்கு அருகில் வந்தது. "பெல் எங்க?"

டிரைவர் முகத்தைப் பழையபடி நேராகத் திருப்பிக்கொண்டார். டெய்லரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த பெல்?" என்றாள்.

வாலு அம்மாவைப் பார்க்கவில்லை. "அப்பா, ரெண்டு கையையும் மேல தூக்கு."

"வாலு..."

"தூக்கு!"

தூக்கினார். இரண்டு வெள்ளைக் கட்டைகளும் திரையில் வந்து நின்றன. அந்தப் பக்கம் புத்தகம் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும். பெல் இல்லன்னதுமே தெரியும். அது அப்பா பண்ண ஷேவிங்கே இல்ல. நான் கிளம்பறேன். இப்பவே டிக்கெட் போடறேன்" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

டெய்லரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு வாரப் பாடு, ஐந்து கிண்ணம் வெல்வெட், இருபத்திரண்டு அம்பு. எந்த இடத்தில் ஒரு நூல் பிசிறில்லாமல் முடித்தோம் என்று பெருமைப்பட்டாளோ, அந்த இடத்திலேயே பிடிபட்டுவிட்டாள். "என்ன பெல்? யாராவது எனக்குச் சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினாள்.

டிரைவர்தான் சொன்னார், மேஜையைப் பார்த்துக்கொண்டு. வாலுவுக்கு மூன்று வயதில் தினமும் காலையில் அவளை இடது தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடப்பார். ஷேவ் செய்ததில் தப்பிப்போன சுழியைக் குழந்தை ஒரு நாள் விரலால் அமுக்கி, அதன் குறுகுறுப்பில் சிரித்து, "நிப்பாட்டு" என்றது. நின்றார். மறுபடி அமுக்கியது. போனார். அதிலிருந்து அது பஸ் மணி. ஒரு நாள் டிரைவர் மறந்துபோய் அங்கேயும் வழித்துவிட்டார். குழந்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, பெல் காணோம் என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. அன்றிலிருந்து அந்த இடத்தில் அவர் ரேசரை வைத்ததில்லை. நீங்கள் மெஷினில் உட்காருகிற நேரம், அதனால் உனக்குத் தெரியாது என்று மனைவியிடம் சொல்லப்போய், மரியாதையும் ஒருமையும் குழம்பி நாக்குத் தடுமாறினார்.

"இருபது வருஷமா எட்டலன்னு சொன்னீங்களே!"

"சொன்னா நீ சிரிப்ப."

சிரித்திருப்பாள்தான். அவளுக்குச் சுருக்கென்று ஒரு பொறாமை. ஒரு வாரத்தில் அங்குலம் அங்குலமாகத் தெரிந்துகொண்ட முகத்தில், ஒரு நக அளவு தனக்குச் சொந்தமில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அதற்குப் பின்னாலேயே, இப்படி ஒரு மனுஷனா என்று நெஞ்சு இளகியது. இரண்டும் சேர்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்து மேஜையைத் துடைத்தாள்.

"அப்ப இதை யாரு பண்ணது? சலூனா?" என்றாள் வாலு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அம்மா."

"அம்மாவா? கிட்ட வா. வெளிச்சத்துல காட்டு."

டிரைவர் முகத்தைத் திரைக்கருகே கொண்டுபோனார். வலது பக்கம், இடது பக்கம், முகவாயைத் தூக்கிக் கழுத்து. மகள் டாக்டர் கண்ணோடு ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள்.

"ஒரு கீறல் இல்ல. நாங்க ஊசி போட நாய்க் கால்ல ஒரு ஜாண் வழிக்கிறதுக்குள்ள நாலு இடத்துல கீறிடுவோம். எப்படிம்மா?"

டெய்லரம்மா எழுந்து போய்ச் சுவரிலிருந்து காக்கித் தாளைக் கழற்றிக் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தாள்.  மூன்று முகங்கள், எங்கும் அம்புகள், எங்கே தோலை இழுக்க வேண்டும், எங்கே இழுக்கக் கூடாது என்று பென்சிலில் சிறுசிறு குறிப்புகள்.

வாலு அதை ரொம்ப நேரம் பார்த்தாள். அழுகை எப்போது நின்றதென்று தெரியவில்லை.

"நீ நாளைக்கு வந்து நின்னா அப்பா தாங்க மாட்டார்டி" என்றாள் டெய்லரம்மா. "கை வலியைத் தாங்கிடுவார். போன தடவை உனக்குப் போன வருஷத்தை நினைச்சு நாங்க ரெண்டு பேரும் எத்தனை..." 

"நான் வந்தா இதைவிட என்னம்மா பண்ணிடப்போறேன்?" என்றாள் வாலு மெதுவாக. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி. எழுதறேன். எல்லா பேப்பரும் எழுதிட்டுத்தான் வருவேன். ஆனா தினம் காலையில அப்பா முகத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பணும். இன்னொரு தடவை பொய் சொன்னீங்க, நடந்தாவது வந்துடுவேன்."

"அனுப்பறோம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

"அம்மா..."

"தெரியும்டி. பெல்லை விட்டு வைக்கிறேன். போய்ப் படி."

ஃபோனை வைத்ததும் டெய்லரம்மா காக்கித் தாளை வெட்டுமேஜை மேல் விரித்தாள். இடது பக்க முகத்தில் அந்த நாலு சின்ன அம்புகளையும் அடித்தாள். அதைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டாள். வாடிக்கையாளர் துணியில் கை வைக்கக் கூடாத இடத்துக்கு எழுதுவதுபோல, பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: வெட்டக் கூடாது. திரும்பவும் சுவரில் மாட்டினாள்.

டிரைவர் எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தார். பின்னாலேயே போனவள், என்ன தோன்றிற்றோ, எட்டி அவர் இடது தாடையில் அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கினாள்.

அவர் டக்கென்று நின்றார்.

"அங்கதான் ஒரு முடிகூட இல்லையே. ஏன் நின்னீங்க?"

"கால் தன்னால நின்னுடுச்சு" என்றார். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் மறுபடி அமுக்கும் வரைக்கும் நகரவில்லை.